மெட்டி ஒலிக்குப் பின்

சென்ற ஆவணியில் மயிலாடுதுறையில் நண்பர் ஒருவரின் மகளுக்குத் திருமணம் நடந்தது. பட்டமங்கலத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் மண்டபம். மணமகள் அம்மியில் கால் வைத்து, மணமகன் குனிந்து மெட்டி அணிவிக்கும் நேரத்தில், படமெடுக்க வந்திருந்த இளைஞர்களில் ஒருவர் தம் கைபேசியிலிருந்து ஒரு பாட்டை உரக்க ஒலிக்கவிட்டார். நாதஸ்வரக்காரர் சற்றே எரிச்சலுடன் திரும்பிப் பார்த்தார். மேடையைச் சுற்றி நின்ற பெண்களோ இரண்டு வினாடிகளுக்குள் அதை இனம்கண்டு சிரித்துவிட்டார்கள். 'மெட்டி ஒலி' தொடரின் முகப்புப் பாடல் அது. மணமகளும் சிரித்தாள். அவளுக்கு வயது 24. அத்தொடர் முடிந்தபோது அவள் நான்கு வயதுக் குழந்தை.

சிரிப்பு அடங்கியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மணமகளின் பாட்டி, "அந்தச் சிதம்பரம்தான் பாவம்" என்றார். பக்கத்தில் நின்ற பேரன், "சிதம்பரத்துக்கு என்ன பாட்டி ஆச்சு?" என்று கேட்டான். ஒரு மணி நேர ரயில் பயணத்தில் உள்ள ஊரைத்தான் அவர் சொல்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். பாட்டி பதில் சொல்லவில்லை. பந்திக்கு அழைத்தார்கள், எழுந்து போனோம்.

அந்தக் கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. நாங்கள் இலக்கியச் சிற்றிதழ்களின் வாசகர்கள். தொலைக்காட்சி நெடுந்தொடர்களை 'அழுகாச்சி' என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவைத்துவிட்டு, அதில் ஒரு பெருமையும் அடைந்தவர்கள். ஆனால் ஒரு தொடர் முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், அதை ஒருநாளும் பார்த்திராத தலைமுறை அதன் பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறது என்றால், அது பண்பாட்டு வரலாற்றுக்குரிய செய்தி அல்லவா? அந்தச் சிரிப்பு எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில், மறந்தவர்களுக்காகவும் பார்க்காதவர்களுக்காகவும் தொடரைப் பற்றிச் சில செய்திகள். 'மெட்டி ஒலி' சன் தொலைக்காட்சியில் 2002 முதல் 2005 வரை வார நாள்களில் இரவு ஒளிபரப்பானது. 800-க்கும் மேற்பட்ட பகுதிகள். இயக்கியவர் திருமுருகன், தயாரித்தது சினி டைம்ஸ் நிறுவனம். முகப்புப் பாடலுக்கு இசையமைத்தவர் தினா. பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். இதே இருவரின் கூட்டில்தான் 1999-இன் இறுதியில் தொடங்கிய 'சித்தி'யின் முகப்புப் பாடலும் பிறந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கர்நாடக இசை மேடையின் ஒரு பெரிய குரல், சபா வாசலைத் தாண்டி ஒவ்வோர் இரவும் கூரை வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போனது அப்போதுதான். இசை விமர்சகர்கள் இதைப் பற்றி இன்னும் எழுதலாம்.

கதை எளியது. மனைவியை இழந்த சிதம்பரம் ஐந்து பெண்களை வளர்த்துக் கரையேற்றுகிறார். தனம், சரோ, லீலா, பவானி, விஜி. ஐந்து பெண் பிறந்தால் அரசனும் ஆண்டி என்ற பழமொழியின் மீதே முழுக்கதையும் நிற்கிறது. சிதம்பரமாக நடித்தவர் டெல்லி குமார். காவிரியிலிருந்து வாய்க்கால்கள் பிரிவதுபோல, ஒவ்வொரு பெண்ணின் புகுந்த வீடும் ஒரு தனிக்கதையாகப் பிரிந்து ஓடும். எல்லா வாய்க்காலிலும் மடை அடைபடும். எல்லா அடைப்புக்கும் அந்த மனிதரே மண்வெட்டியுடன் ஓடவேண்டும். திருமணத்தோடு கதை முடிவது நம் பழைய திரைப்படங்களின் வழக்கம். இத்தொடரில் திருமணத்துக்குப் பிறகுதான் கதையே தொடங்கியது. முகப்புப் பாடல் கொண்டாடிய சடங்குக்கும் அடுத்த அரைமணி நேரம் காட்டிய வாழ்க்கைக்கும் இடையில் இருந்த முரண், அன்று பார்த்த பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிராத ஒன்று.

டெல்டாவுக்கு அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2002, 2003 இரு ஆண்டுகளிலும் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை இல்லை, சம்பாவும் பல ஊர்களில் தட்டிப்போயிற்று. நீர்ப் பங்கீட்டு வழக்கும் போராட்டங்களும் செய்தித்தாள்களை நிறைத்த காலம். கழுத்தில் இருந்தவை அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பெண்களின் கல்யாணத்துக்காக அல்லாடும் ஒரு தகப்பனின் கதையை எங்கள் ஊர்ப் பெண்கள் இரவுதோறும் பார்த்தார்கள். இத்தனைக்கும் மயிலாடுதுறையின் ஒரு பகுதியான கூறைநாடுதான் முகூர்த்தப் புடவைக்கே பெயர் தந்த நெசவூர். கூறைப்புடவைக்குச் சொல்லிவிட்டு, பிறகு தேதியைத் தள்ளிப்போட்ட குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். பாட்டி சொன்ன 'பாவம்' அந்தக் காலத்திலிருந்து வருகிறது.

இனி, அத்தொடரின் மறுவாழ்வு.

தொடர் முடிந்ததும் அதிலிருந்து முதலில் வெளியேறிப் பிழைத்தவை பெயர்கள். வெங்கட் என்ற நடிகர் தாம் ஏற்ற பாத்திரத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டு போஸ் வெங்கட் ஆனார். இன்று அவர் இயக்குநர், அரசியல் மேடைப் பேச்சாளர். போஸ் யார் என்பது பலருக்கு நினைவில்லை. திருமுருகன் தாமே நடித்த பாத்திரத்தின் பெயர் கோபி. 2010-இல் தொடங்கிய 'நாதஸ்வரம்' தொடரிலும் அவர் கோபியாகவே வந்தார். 2018-இல் தொடங்கிய 'கல்யாண வீடு' தொடரிலும் அப்பெயர் தொடர்ந்தது. இயக்குநரே தம் பழைய படைப்பைத் திரும்பத் திரும்பக் குறிப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 'நாதஸ்வரம்' 2014-இல் தன் ஆயிரமாவது பகுதியை நேரலையாக ஒரே ஷாட்டில் நிகழ்த்திக் காட்டியது. அன்று அதைப் பார்க்க உட்கார்ந்தவர்களுள் பெரும்பாலோருக்குக் கோபி என்றால் பத்தாண்டுப் பழக்கம்.

முகப்புப் பாடலில் ஆடியவர் திரைப்பட நடனக் கலைஞரான சாந்தி. கதையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் தமிழ்நாடு முழுவதும் அவர் 'மெட்டி ஒலி சாந்தி' ஆனார். 2022-இல் விஜய் தொலைக்காட்சியின் 'பிக் பாஸ்' ஆறாவது பருவத்தில் பங்கேற்றபோதும் அவருடைய அறிமுகம் அதுதான். எத்தனையோ படங்களில் பின்வரிசையில் ஆடிய ஒரு பெண்ணுக்கு முகமும் பெயரும் தந்தது ஒரு தொடரின் முகப்பு என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 அக்டோபரில், விஜியாக நடித்த உமா மகேஸ்வரி இளம் வயதிலேயே காலமானார். அஞ்சலிச் செய்திகள் அவரையும் தொடரின் பெயரோடு சேர்த்தே அழைத்தன. சொந்தப் பெயர் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய விநோதம் அல்ல. ஜப்பானின் என்.எச்.கே. 1983-84இல் ஒளிபரப்பிய 'ஓஷின்' ஆசியா முழுவதும் பல மொழிகளில் ஓடியது. வறுமையில் பிறந்து உழைப்பால் உயரும் ஒரு பெண்ணின் கதை. ஈரானில் அது பெரும் வெற்றி பெற்றது. ஓஷின் மணந்துகொள்ளும் குடும்பத்தின் பெயர் தனகுரா. துணி வியாபாரக் குடும்பம். அதையொட்டிப் பழைய துணி விற்கும் கடைகளுக்கு ஈரானில் 'தனகுரா' என்றே பெயர் வழங்கலாயிற்று. ஓஷினைப் பார்த்திராதவரும் தனகுராவுக்குப் போய்ச் சட்டை வாங்குகிறார். எங்கள் திருமண மண்டபத்துப் பேரனுக்கும் அவருக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

*

தொலைக்காட்சி எங்கள் ஊருக்கு வந்த கதையும் சிறிது சொல்ல வேண்டும். மாயூரம் மயிலாடுதுறை என்று அரசாணையால் பெயர் மாறிய அதே 1982-இல்தான் இலங்கையின் ரூபவாஹினியும் தொடங்கியது. டெல்டாவின் கடலோர ஊர்களில் மூங்கில் உயரத்துக்கு ஆண்டெனா கட்டி, சிங்களம் ஒரு சொல்லும் புரியாமல் புள்ளி மழைக்கிடையே படம் பார்த்தவர்கள் எங்கள் தலைமுறையினர். பிறகு 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' வந்தது. ஞாயிறு காலை. மொழி இந்தி. இந்தி எதிர்ப்பின் சூடு ஆறாத மண்ணில், சொந்தமாகக் கம்பனையும் கதாகாலட்சேபத்தையும் வைத்திருந்த ஊர்களில், அது எப்படிப் பார்க்கப்பட்டது என்பதே தனி ஆய்வுக்குரியது. கதை முன்பே தெரியும் என்பதால் மொழி தடையாகவில்லை என்பது ஒரு விடை. வானத்தில் இரண்டு அம்புகள் மெதுவாக எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும் காட்சியைப் பள்ளி மைதானத்தில் குச்சிகளை வைத்து நடித்தோம். அந்த அம்புகளைப் பகடி செய்யாத நகைச்சுவை நிகழ்ச்சி பிற்காலத்தில் அரிது. 'ராமாயண்' விட்டுச்சென்றவற்றில் எங்கள் ஊர்ச் சிறுவர்களிடம் நீடித்தது பக்தி அல்ல, அந்த அம்புகள்தான்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. நம் மொழியில், நம் உறவுமுறைகளைச் சொல்லிக்கொண்டு கதைகள் வந்தன. 1990களின் பின்பாதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' வரிசை அவற்றுள் தனித்து நிற்பது. அதில் வந்த 'விடாது கருப்பு' என்ற தலைப்பு இன்று ஒரு மரபுத்தொடர்போல் ஆகிவிட்டது. கடன்காரர் விடாமல் துரத்தினாலும், பழைய வழக்கு ஒன்று அரசியல்வாதியைத் தொடர்ந்து வந்தாலும், பத்திரிகைக்காரர் கை அந்தத் தலைப்பைத்தான் தேடுகிறது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது, குதிரை மேல் வரும் கருப்பைக் கண்டு போர்வைக்குள் ஒளிந்ததை ஒரு தலைமுறையே எழுதித் தீர்த்தது. தொடரின் அடிநாதமாக இருந்த, அச்சம் எப்படி ஒரு கிராமத்தின் நீதியாகச் செயல்படுகிறது என்ற கேள்வியை அக்குறிப்புகளில் மிகச் சிலரே தொட்டார்கள்.

தமிழ்த் திரைப்படம் தொலைக்காட்சியைக் குறிப்பிடுவது பெரும்பாலும் ஏளனத்துக்காக. அடுத்த அறையில் மாமியார் தொடர் பார்த்து மூக்கைச் சிந்துவாள், கதாநாயகன் சலித்துக்கொள்வான். அன்போடு குறிப்பிட்ட படங்களும் இல்லாமல் இல்லை. 2019-இல் வெளிவந்த 'ஹீரோ', தூர்தர்ஷனின் 'சக்திமான்' மீது பித்துக்கொண்ட ஒரு சிறுவனில் தொடங்கியது. ஆனால் 'சக்திமான்' ஆண்பிள்ளைகளின் தொடர். பெண்கள் பார்த்த தொடருக்கு அப்படி ஒரு படம் கிடைத்ததாக எங்கள் நினைவில் இல்லை. தொடர்களோ திரைப்படத்திடம் மிகுந்த மரியாதை காட்டிவந்திருக்கின்றன. பாதித் தொடர்களின் பெயர்களே பழைய படங்களின் பெயர்கள்தாம். மரியாதை ஒரு பக்கம் மட்டும் ஓடும் உறவு இது.

*

இங்கே சற்று விலகி, எங்கள் ஊரின் பழைய கதை ஒன்றுக்குப் போகிறோம். விலகல் போலத் தோன்றினாலும் பேச்சு இதைப் பற்றியதுதான்.

மயிலாடுதுறைக்கு அடுத்த ரயில் நிலையம் ஆனந்ததாண்டவபுரம். அங்கும் மாயூரத்திலும் வாழ்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் அச்சேறியது. அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் போனார். பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. இலக்கணப் பிழைகள் மலிந்த நூல் என்பது அவர் கருத்து, நாள்களைக் கடத்தினார். ஒருநாள் பிள்ளை உறங்கி எழும்வரை திண்ணையில் காத்திருந்த பாரதியார், தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் உருகிப்போய் வெளியே வந்து பாயிரம் எழுதித் தந்தார். உ.வே. சாமிநாதையர் வழியாக நமக்குக் கிடைத்த செய்தி இது. ஐயரே இளமையில் மாயூரத்தில் பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டவர். பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். சங்கீதத்துக்கு நட்டம், சங்க இலக்கியத்துக்கு லாபம் என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

படித்தவர் ஒதுக்கிய நூலுக்கு என்ன மறுவாழ்வு கிடைத்தது? காலட்சேப மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் புகுந்தது. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில், ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று, கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942-இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர். நாள் கடத்துபவனைப் பார்த்து 'இவன் ஒரு நந்தன், நாளைக்கு நாளைக்கு என்பான்' என்று சொல்வது பேச்சு வழக்கானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுக்கும் வேதிய ஆண்டை கிடையாது. ஒரே இரவில் நாற்பது வேலி நிலத்தின் வேலை முடியும் அற்புதமும் கிடையாது. அவை பாரதியார் சேர்த்தவை. இன்று நந்தன் கதை என்று நம் மக்கள் சொல்வது, பாரதியாரின் பெயரையே அறியாமல், பாரதியாரின் கற்பனையைத்தான். அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' தொடரைக் குறிக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் 'ஸ்காட்டி, என்னை மேலே தூக்கு' என்ற வாசகம், அதே சொற்களில் மூலத் தொடரில் ஓரிடத்திலும் வருவதில்லையாம். குறிப்புக்கு மூலத்தின் மேல் அவ்வளவு விசுவாசம் இருப்பதில்லை. எங்கள் ஊருக்கு அருகில் திருப்புன்கூருக்குப் போகிறவர்கள் விலகிய நந்தியைக் காட்டிக் கதை சொல்கிறார்கள். அக்கதையின் எந்த அடுக்கு யாருடையது என்று கேட்பதில்லை.

ஆனால் நந்தனுக்கு இன்னொரு பேறும் கிடைத்தது. புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 1978-இல் 'நந்தன் கதை' என்ற நாடகத்தை எழுதினார். இவை நினைவூட்டல்கள் மட்டும் அல்ல. நந்தன் எரிந்தானா, எரிக்கப்பட்டானா என்று மூலத்தைக் கூண்டில் ஏற்றிக் கேட்டவை. ஒரு படைப்பைப் பின்வந்தவர்கள் இரண்டு வகையில் குறிக்கலாம். ஒன்று, அதன் ஓசையைத் திரும்ப எழுப்புவது. மற்றொன்று, அதோடு வழக்காடுவது. நந்தனுக்கு இரண்டும் கிடைத்தன. எங்கள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இதுவரை முதலாவது மட்டுமே கிடைத்திருக்கிறது. அதற்கு எங்களைப் போன்றவர்களும் பொறுப்பு என்றே எண்ணுகிறோம். பிள்ளையவர்களாவது வெளியே வந்து கேட்டார்.

*

வழக்காடல் தொடர்களுக்குள்ளேயே நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது. 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி 2024 ஜூன் வரை ஓடிய 'எதிர்நீச்சல்' ஒருவகையில் 'மெட்டி ஒலி'க்கு எழுதப்பட்ட மறுமொழி. இயக்கியவர் 'கோலங்கள்' தந்த திருச்செல்வம். மதுரையில் ஒரு பெரிய வீடு, நான்கு சகோதரர்கள், படிப்பும் திறமையும் கொண்டிருந்தும் அடுப்படிக்குள் அடைக்கப்பட்ட நான்கு மருமகள்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. 'மெட்டி ஒலி'யின் பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள், அவர்களுக்காகத் தகப்பன் ஓடினார். இந்தப் பெண்களோ சமையலறையில் கூடிப் பேசினார்கள், தகப்பனுக்குக் காத்திருக்கவில்லை. இருபது ஆண்டுகளில் நெடுந்தொடர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் அத்தொடரிலிருந்து வெகுஜனப் பேச்சு எடுத்துக்கொண்டது எது? மருமகள்களின் சொல் அல்ல. அவர்களை அடக்கிய ஆதி குணசேகரனின் 'ஏய்... இந்தாம்மா!' மீம்களில், ரீல்ஸ்களில், கல்லூரி ஆண்டுவிழாக்களில், அலுவலகக் கேலியில் அந்த அதட்டலே ஒலித்தது. அப்பாத்திரத்தில் நடித்த மாரிமுத்துவின் திறமைக்கு அது கிடைத்த விருது என்பதில் ஐயமில்லை. 2023 செப்டம்பர் 8 அன்று, அத்தொடருக்கான பின்னணிக் குரல் பதிவின்போது உடல்நலம் குன்றி அவர் இறந்தபோது, துயரத்தோடு பகிர்ந்தவர்களும் அந்தச் சொல்லைத்தான் பகிர்ந்தார்கள். எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் ஐந்து வயதுப் பையன், சாதம் கேட்பதற்குத் தன் அம்மாவை அப்படி அழைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். மூன்றாவது நாள் அவர் சிரிக்கவில்லை என்று நண்பர் சொன்னார்.

மேற்கோளுக்கு ஏற்றது ஓங்கி ஒலிப்பது. பொறுமையை, காத்திருப்பை, சமையலறைக் கிசுகிசுப்பை மூன்று வினாடிக்குள் வெட்டி எடுக்க முடியாது. பின்வரும் பண்பாடு ஒரு தொடரை நினைவுகூரும்போது, அடக்கியவனின் குரல் எஞ்சி அடக்கப்பட்டவர்களின் குரல் உதிர்ந்துபோவது யாருடைய சதியும் அல்ல; கருவியின் இயல்பு. ஆயினும் விளைவு ஒன்றுதான்.

இவை நிலைக்காது, ஒருநாள் கூத்து என்று சொல்பவர்களுக்கு 2020-ஐ நினைவுபடுத்தலாம். அவ்வாண்டு மார்ச் 24 அன்று சட்டப்பேரவையில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் என்ற அறிவிப்பு வந்தது. பல்லாண்டுக் கோரிக்கை. மணிக்கூண்டருகே வெடி வெடித்துக் கொண்டாட வேண்டிய நாள். அன்றிரவே நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்துவிட்டார். மாவட்டம் கிடைத்த மகிழ்ச்சியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சியைப் போட்டோம். மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் 'ராமாயண்' மீண்டும் வந்தது. 33 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே அம்புகள் அதே வேகத்தில் முட்டிக்கொண்டன. படப்பிடிப்புகள் நின்றுபோன அந்த மாதங்களில் சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யையும் மறுபடி ஒளிபரப்பியது. பாட்டியோடு பேத்தி உட்கார்ந்து பார்த்த வீடுகள் உண்டு. சரோவின் கணவன் மாணிக்கமாக வரும் சேத்தன் தன் தாயின் சொல்லுக்குத் தலையாட்டும்போது, பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்ள, பேத்தி 'இவ ஏன் இன்னும் அந்த வீட்டுல இருக்கா?' என்று கேட்டாள். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் நடந்தது. மூன்று வினாடித் துணுக்கு எழுப்ப முடியாத கேள்வி அது. முழுத்தொடரைப் பார்த்ததால் எழுந்தது. பாட்டி அன்று நெடுநேரம் பதில் சொன்னாராம். தம் அக்கா ஒருத்தியைப் பற்றி, குடும்பத்தில் யாரும் அதுவரை பேசாத செய்தி ஒன்றையும் சொன்னாராம்.

ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்டாப் பெண்கள் இரவு உணவுக்குப் பின் என்ன பார்த்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று அறிய விரும்பினால் எங்கே போவார்? எங்கள் சிற்றிதழ்த் தொகுப்புகளில் அதற்கு ஒரு பக்கம்கூட இராது. வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' முதல் தமிழ் நாவல் என்பது ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனினும் நூல் இருக்கிறது. வேண்டுபவர் எடுத்துப் படிக்கலாம். தொடர்களுக்கு அந்த உறுதி இல்லை. யாரோ யூடியூபில் ஏற்றிவைக்கும்வரை, நிறுவனம் அனுமதிக்கும்வரை அவை இருக்கும்.

திருமணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த ரீல்ஸ் எங்கள் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. முப்பது வினாடி. அம்மிக்கல், மருதாணிப் பாதம், மெட்டி, மணமகளின் சிரிப்பு, பின்னணியில் நித்யஸ்ரீயின் குரல். அழகாகவே எடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் மணமகளின் அப்பா, எங்கள் நண்பர், அவள் பின்னால் துண்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டத்துக்குள் அவருடைய தோள் மட்டும் தெரிந்தது. அவரிடம் காட்டினோம். இருமுறை பார்த்தார். கடையை அடைத்துவிட்டு இரவு பத்தரைக்கு வீடு திரும்பியே பழகியவர் அவர். தொடர் எதையும் பார்த்ததில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது, எந்தப் படத்தில் வருவது என்று கேட்டார்.